கோணப்பொத்தைக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டது

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் ரொம்ப நல்லது. நம்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதையே.

செத்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்த வருஷத்தில், கோணப்பொத்தை என்கிற ஊரில் உயிரோடு மிஞ்சியவர்கள் மொத்தம் நான்கு பேர். நான்கு பேரும் சாமர்த்தியத்தால் பிழைத்தவர்கள் அல்ல. சொன்ன பேச்சைக் கேட்டுப் பிழைத்தவர்கள்.

முதல் நாள் காலையில் ஒரு வேன் ஒலிபெருக்கியோடு ஊருக்குள் வந்தது. "பொதுமக்கள் யாரும் இருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேன் மட்டும் வேகமாக நகர்ந்து போய்விட்டது. ஊரே பதறியடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது. நடைப்பிணங்களும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்திருந்தன.

அந்த நேரத்தில் செம்புலிங்கம் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில், பதினேழாம் படியில் ஒரு காலும் பதினெட்டாம் படியில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தார். ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நகர வேண்டாம் என்றார்கள், நகரவில்லை. இரண்டு நாள் அப்படியே நின்றார். கீழே வந்த நடைப்பிணங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதோ தலைவர் சிலை என்று நினைத்துப் போய்விட்டன.

தேங்காய் வெட்டுகிற மாசானம் மரத்தின் உச்சியில் இருந்தான். இட்லிக்கடை குருவம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவு தீர்ந்த பிறகும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஞானதிரவியம், விளையாட்டுச் சாமான் அறையில் குனிந்து கால் பெருவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் தொட்டுக்கொண்டே இருந்தார். அதிலிருந்து அவருக்கு முதுகு முழுசாக நிமிர்வதில்லை.

மூன்றாம் நாள் மாசானம் தூக்கக் கலக்கத்தில் மரத்திலிருந்து விழுந்தான். விழுந்தவன் நேரே தொட்டியடிக்கு வந்தான்.

"நீ நகந்துட்டியே லே!" என்றார் செம்புலிங்கம் மேலே இருந்து.

"நகரல அண்ணாச்சி. விழுந்தேன். விழக் கூடாதுன்னு வேன்ல சொல்லலியே."

செம்புலிங்கம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. அவரும் ஒவ்வொரு படியாக, நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விழுந்து கீழே வந்து சேர்ந்தார். பிறகு மற்ற இருவரையும் விழச் சொல்லி அழைத்துக்கொண்டு, நான்கு பேருமாக ஊர்க்கோடியில் இருந்த ரைஸ் மில்லுக்குள் புகுந்தார்கள்.

மில்லுக்குப் பத்தடி மதில், இரும்புக் கேட், உள்ளேயே கிணறு, கூடம் நிறைய அரிசி மூட்டை. ஆளுக்கொரு ஆயுதமும் இருந்தது. மாசானத்திடம் அரிவாள். குருவம்மாவிடம் உலக்கை. செம்புலிங்கத்திடம் வால்வு திருகுகிற மூன்றடி ஸ்பேனர். வாத்தியாரிடம் பள்ளிக்கூடத்து ஈட்டி. அதில் 'எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும்' என்று பெயின்டில் எழுதியிருந்ததால், ஒவ்வொரு தடவை எறியும்போதும் அவருக்கு மனசாட்சி உறுத்தியது.

உப்பு, பருப்பு எடுக்க வெளியே போகும்போது சண்டை போடவேண்டி வரும். வாத்தியார் முதலில் தரையில் ஒரு கோடு போடுவார். நடைப்பிணம் வந்துகொண்டிருக்கும். வாத்தியார் பின்னால் போய், ஓடிவந்து, எறிவார். கோட்டை மிதித்துவிட்டால் ஃபவுல் என்று சொல்லி மாசானத்திடம் ஈட்டியைத் திரும்ப எடுத்துவரச் சொல்வார். அது நடைப்பிணத்தின் நெஞ்சில் நட்டு நின்றாலும் சரி, போய் எடுத்து வரவேண்டும். நடைப்பிணங்கள் மெதுவாக நடக்கிற ஜாதி என்பதால் மட்டும் இவர்கள் பிழைத்தார்கள்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. உயிருக்கும் குறையில்லை. ஆனால் செம்புலிங்கம் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

"என்ன அண்ணாச்சி, அரிசி பழசா இருக்கா?" என்று குருவம்மா கேட்டாள்.

"அரிசிக்கு என்ன குருவம்மா, நல்லாத்தான் இருக்கு." செம்புலிங்கம் பெருமூச்சு விட்டார். "மூணு மாசமா ஒரு உத்தரவு கிடையாது. காலையில எந்திரிக்கேன். எந்திரின்னு யாரு சொன்னா? நானா எந்திரிக்கேன். நானா பல்லு வெளக்குதேன். இது ஒரு பொழப்பா?"

இருபத்திரண்டு வருஷமும் யாராவது ஒருவர் 'திற' என்றால் திறப்பார், 'மூடு' என்றால் மூடுவார். இப்போது திறக்கவும் ஆளில்லை, மூடவும் ஆளில்லை. செத்துப் போயிருந்தாலாவது 'நட' என்று எதுவோ உள்ளேயிருந்து சொல்லியிருக்கும் என்று அவருக்கு ஒரு ஏக்கம்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது.

வெள்ளை ஜீப். மதிலை ஒட்டி, மில் மாடிக்கு நேர் கீழே வந்து நின்றது. சஃபாரி சூட் போட்ட ஒருவர் மைக்கோடு இறங்கினார். கூடவே கழுத்தே இல்லாத ஒரு தடியன். நான்கு பேரும் மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆயுதங்களை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளே இருக்கிறவங்க கேட்டைத் திறங்க!" என்றார் சஃபாரிக்காரர்.

செம்புலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'திறங்க!' என்ன கம்பீரமான சொல்! கால் தானாகப் படிக்கட்டை நோக்கிப் போயிற்று. வாத்தியார் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"போர்டு இருக்குல்லா செம்புலிங்கம்" என்றார்.

இருந்தது. கேட்டில் மில் முதலாளி எழுதி வைத்தது: 'அந்நியர் உள்ளே வரக்கூடாது.'

"நீங்க யாரு?" என்று மாசானம் கீழே பார்த்துக் கேட்டான்.

"என் பேர் சாந்தகுமார். மாவட்டப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். இவர் கஜபதி, என் உதவியாளர்."

நான்கு பேரும் வற்றலுக்கு நடுவில் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பேரைச் சொல்லிட்டாரு. இனி அவரு எப்பிடி அந்நியர்?" என்றான் மாசானம்.

"பேரு தெரிஞ்சாப் போதுமா? பழகியிருக்கணும்லா" என்றாள் குருவம்மா.

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வந்து நாலு நிமிஷம் ஆச்சு. நான் தாலி கட்டும்போது என் வீட்டுக்காரியை அவ்வளவு நேரம்கூடப் பாத்ததில்ல."

"ஒருவேளை பொய் சொல்லுதாரோ?" என்று குருவம்மா சந்தேகப்பட்டாள்.

கீழே இருந்தவர் இதைக் கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மாசானத்துக்குத் தென்னை உச்சியிலிருந்தே கீழே கிடக்கிற பீடித்துண்டு தெரியும். கூர்ந்து பார்த்தான்.

"அட்டையில போட்டோ இருக்கு அண்ணாச்சி. போட்டோவுல இருக்கிறதும் அவருதான்."

"அப்பிடின்னா?"

"பொய் சொல்லுற ஆளா இருந்தா வேற யாரு போட்டோவையாவதுல்லா ஒட்டியிருப்பான்?"

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? செம்புலிங்கம் எழுந்து கையைக் கூப்பி, "ஐயா! என்ன செய்யணும், சொல்லுங்க!" என்றார்.

சாந்தகுமார் பக்கத்திலிருந்த கஜபதியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நாலு ஊரில் இதே வேலையைச் செய்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். ஆயுதத்தை வாங்கிக்கொள்வது, ஆட்களை வெளியே தள்ளுவது, இருப்பதைத் தின்று தீர்ப்பது, அடுத்த ஊருக்குப் போவது. ஆனால் இவ்வளவு சுலபமாக எந்த ஊரிலும் நடந்ததில்லை.

"முதல்ல எல்லாரும் ஆயுதத்தைக் கீழே போடுங்க" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. மாடியிலிருந்து குருவம்மாவின் உலக்கை கீழே வந்தது. ஜீப்பின் முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. அடுத்து ஸ்பேனர். அது பானெட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் என்னவோ ஒன்றை உடைக்க, அங்கிருந்து புகை கிளம்பிற்று. அரிவாள், சாந்தகுமாருக்கும் கஜபதிக்கும் நடுவே மண்ணில் குத்தி ஆடியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கடா!" என்று அலறினார் சாந்தகுமார்.

"இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் வாத்தியார். மாடியில் கோடு போட்டு, பின்னால் போய், ஓடிவந்து ஈட்டியை எறிந்தார். அது ஜீப்பின் டயரில் இறங்கியது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து பெருமூச்சு விட்டது. "ஃபவுல் இல்ல!" என்று வாத்தியார் திருப்தியோடு சொன்னார்.

நான்கு பேரும் மாடி விளிம்பில் வரிசையாக நின்று, பாராட்டுக்குக் காத்திருந்தார்கள்.

சத்தம் கேட்டுத் தெருமுனையில் பத்துப் பதினைந்து நடைப்பிணங்கள் திரும்பிப் பார்த்தன. சாந்தகுமாருக்குத் திட்டக்கூட நேரமில்லை. செம்புலிங்கம் கேட்டைத் திறந்ததும் இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். மாசானம் மட்டும் வெளியே ஓடிப்போய்க் கீழே கிடந்த ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சாந்தகுமாரின் காலடியில் பணிவாக வைத்தான்.

சாந்தகுமார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வண்டி போயிற்று. பரவாயில்லை. மதில் இருக்கிறது, கிணறு இருக்கிறது, இருநூறு மூட்டை அரிசி இருக்கிறது. இங்கேயே தங்கிவிடலாம். மூட்டைகளை அடுக்கவைத்துவிட்டு, சாயந்திரம் இந்த நாலு பேரையும் வெளியே தள்ளிவிட வேண்டியதுதான்.

"ஆயுதம் இருக்கிற இடத்துக்குத்தான் ஆபத்து வரும்" என்று அவர் தொடங்கினார். "ஆயுதம் இல்லைன்னா நடைப்பிணத்துக்கு நம்ம மேல கோபமே வராது. அதனால இந்த மில்லு இன்னையிலிருந்து ஆயுதமில்லா வளாகம். எல்லா ஆயுதத்தையும் உமி அறையில போட்டுப் பூட்டுங்க. ஒண்ணுகூட வெளியில இருக்கக்கூடாது. சாவியை யார் கைக்கும் எட்டாத இடத்துல வைங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா!"

"நீங்க..." என்று செம்புலிங்கத்தைக் காட்டினார். "கேட்டுக்கு நீங்கதான் பொறுப்பு. வெளியில இருந்து எவனாவது வருவான். கத்துவான், கெஞ்சுவான், அழுவான். 'என்னைத் தெரியலையா'ம்பான். யாரா இருந்தாலும் திறக்கக்கூடாது. நல்லவன் மாதிரியே பேசுவானுங்க. நம்பிடாதீங்க."

செம்புலிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஒரே நாளில் எத்தனை உத்தரவு! ஒவ்வொன்றையும் விரல் மடக்கி மனப்பாடம் செய்தார். கத்துவான், கெஞ்சுவான், அழுவான். கத்துவான், கெஞ்சுவான், அழுவான்.

குருவம்மா வைத்த சாம்பார்ச் சோற்றை ஆளுக்கு மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, சாந்தகுமாரும் கஜபதியும் அரிசி மூட்டை மேல் படுத்துக் குறட்டை விட்டார்கள். மூன்று மாத அலைச்சல். அவர்கள் தூங்கட்டும் என்று நான்கு பேரும் சத்தமில்லாமல் வேலையை ஆரம்பித்தார்கள்.

முதலில் பெரிய ஆயுதம் நான்கும் உமி அறைக்குப் போயின. பிறகு சிக்கல் வந்தது.

"ஊசி?" என்றாள் குருவம்மா.

"குத்தும்ல. ஆயுதம்தான்" என்றார் செம்புலிங்கம்.

"தேங்கா துருவி?"

மாசானம் விரலில் இருந்த தழும்பைக் காட்டினான். துருவி உள்ளே போயிற்று. கடப்பாரை, சுத்தியல், ரம்பம், அரிவாள்மனை எல்லாம் போயின. அம்மிக்குழவி விஷயத்தில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. தூக்கி எறிந்தால் ஆயுதம், அரைத்தால் சாமான் என்றாள் குருவம்மா. கோபம் வந்தால் நீ அரைக்கவா செய்வாய் என்று வாத்தியார் கேட்டதும் அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். சோப்புக் கட்டியில் வழுக்கித்தான் வாத்தியாரின் சித்தப்பா செத்துப்போனார் என்பதால் சோப்பும் போயிற்று.

கடைசியில் சாந்தகுமாரின் தலைமாட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதை மாசானம் பார்த்தான். நான்கு பேரும் சுற்றி நின்று அதையே பார்த்தார்கள்.

"அது ஐயாவோடது" என்றாள் குருவம்மா கிசுகிசுப்பாக.

"'ஒண்ணுகூட'ன்னு சொன்னாரு" என்றார் செம்புலிங்கம். "'என்னோடது போக'ன்னு சொல்லல."

"மறந்திருப்பாரோ?"

"மறந்துதான் இருப்பாரு. நாளைக்கு நினைவு வந்து, ஐயோ நானே என் உத்தரவை மீறிட்டேனேன்னு வருத்தப்படுவாரு. அந்தப் பழி நமக்கு எதுக்கு?"

துப்பாக்கியை எடுத்தார்கள். கஜபதியின் இடுப்பிலிருந்த கத்தியையும், அது செருகியிருந்த பெல்ட்டையும் உருவினார்கள். மாசானம் கஜபதியின் முஷ்டியைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் ஆயுதம் மாதிரித்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். கழற்ற முடியாது என்பதால் அதை விட்டுவிட்டார்கள். இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

இனி சாவி. யார் கைக்கும் எட்டாத இடம் எது?

"பரண் மேல?" என்றார் வாத்தியார். மாசானம் எட்டி எடுத்துக் காட்டினான்.

"கிணத்துல?" மாசானம் முங்கி எடுப்பேன் என்றான். தென்னை மரத்து உச்சி என்று ஒருவர் சொல்ல, அதற்கும் அவன் சிரித்தான். யோசித்துப் பார்த்தால் மாசானத்துக்கு எட்டாத இடமே ஊரில் இல்லை.

அப்போது செம்புலிங்கத்தின் பார்வை கேட்டுக்கு வெளியே போயிற்று. அங்கே சங்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

சங்குப்பிள்ளை உயிரோடு இருந்தபோது ஊராட்சி அலுவலகத்தில் கிளார்க். செத்த பிறகு தினமும் காலை பத்து மணிக்கு மில் கேட்டுக்கு வருவார், கம்பியைப் பிடித்து உலுக்குவார், சாயந்திரம் ஐந்து மணி ஆனதும் போய்விடுவார். உயிரோடு இருந்தபோது இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

"இவரு கைக்குப் போன காகிதம் எதாவது திரும்பி வந்து பாத்திருக்கீங்களா?" என்று செம்புலிங்கம் கேட்டார்.

யாரும் பார்த்ததில்லை. வாத்தியாரின் வீட்டுவரி ஃபைல் ஆறு வருஷமாக அவரிடம்தான் இருந்தது. சாவியைக் கயிற்றில் கோத்து, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் மாட்டி, கேட்டுக்கு மேலாக நீட்டி, சங்குப்பிள்ளையின் கழுத்தில் மாலை போடுவதுபோல் போட்டார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல் கண்டுகொள்ளாமல் இருந்தார்.

நாலு மணிக்கு சாந்தகுமார் விழித்தார். சோம்பல் முறித்தார். கையைத் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார். தடவினார். எழுந்து உட்கார்ந்து மூட்டையைப் புரட்டினார்.

"என் துப்பாக்கி எங்கே?"

"உமி அறையில பத்திரமா இருக்கு ஐயா" என்றார் செம்புலிங்கம்.

சாந்தகுமார் முகத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் இறங்கிப்போய் வேறு யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். "டேய் முட்டாளுங்களா! அதை வச்சுத்தானடா உங்களை வெளியே... சாவி எங்கே?"

"யாரு கைக்கும் எட்டாத இடத்துல இருக்கு."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் கேட்டைச் சுட்டினார்கள். சங்குப்பிள்ளை கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் சாவி மின்னியது.

சாந்தகுமார் உமி அறைப் பக்கம் திரும்பினார். பிறகு, "பூட்டை உடை" என்றார் கஜபதியிடம்.

"எதை வச்சுண்ணே?"

"கடப்பாரை இல்லையா?"

"உள்ள இருக்கு" என்றாள் குருவம்மா.

"சுத்தியல்?"

"அதுவும் உள்ளதான். கல்லு தேடாதீங்க, அம்மிக்குழவியையும் வச்சுட்டோம்."

கஜபதி நழுவுகிற பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓடிவந்து தோளால் இரும்புக் கதவை இடித்தான். 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவில் இருந்து அல்ல. கஜபதி தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். நல்லவேளை, இவர் உடம்பு ஆயுதம் இல்லை என்பதுபோல் மாசானம் மற்றவர்களைப் பார்த்தான்.

"நீங்க நாலு பேரும் இப்பவே போய் அந்த ஆள்கிட்ட இருந்து சாவியை வாங்கிட்டு வாங்க!" என்று சாந்தகுமார் கத்தினார்.

நான்கு பேரும் கூடிப் பேசினார்கள். சங்குப்பிள்ளை வாய்வார்த்தைக்கு எதையும் கொடுக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். வாத்தியார் ஒரு தாளை எடுத்து மனு எழுதினார். செம்புலிங்கம் கேட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தமாக வாசித்தார்:

"பெறுநர், உயர்திரு கிளார்க் அவர்கள். ஐயா, வணக்கம். தங்கள் கழுத்தில் இருக்கும் சாவி எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவதால், தாங்கள் மனமிரங்கி அதைத் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

"ஹ்ர்ர்ர்ர்" என்றார் சங்குப்பிள்ளை. கழி நுனியில் நீட்டிய மனுவைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

செம்புலிங்கம் திரும்பி வந்தார். "வாங்கிக்கிட்டாரு ஐயா. பரிசீலனையில இருக்கு."

சாந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. இந்த நாலு பேரை நம்பினால் சாவி வராது. வெளியே சங்குப்பிள்ளை ஒருத்தர்தான் நிற்கிறார். மற்றவை ஜீப்பைச் சுற்றி அந்தப் பக்கம் நிற்கின்றன. கழுத்துக் கயிற்றை இழுத்து அறுக்க இரண்டு நொடி போதும்.

"நானே போறேன். கேட்டைத் திற. நான் வெளியே போனதும் உடனே சாத்து."

"உத்தரவு ஐயா" என்றார் செம்புலிங்கம். திறந்தார். சாந்தகுமார் போனார். உடனே சாத்தினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

சாந்தகுமார் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுபடவில்லை. வாத்தியார் போட்ட முடிச்சு. சாரணர் படையில் பரிசு வாங்கிய முடிச்சு. மேலும் இழுத்தார். சங்குப்பிள்ளை கயிற்றோடு சேர்ந்து அருகில் வந்தார். தம்மிடமிருந்து ஒருவர் ஒரு பொருளை இவ்வளவு தீவிரமாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. ஜீப் பக்கமிருந்தும் காலடிச் சத்தம் கேட்டது.

சாந்தகுமார் கயிற்றை விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடிவந்தார். "திற! திறடா!" என்று கத்தினார்.

செம்புலிங்கம் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை மடக்கினார். "கத்துதான்."

"ஐயா, தயவுசெஞ்சு! உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்!"

"கெஞ்சுதான்." இரண்டாம் விரல்.

சாந்தகுமார் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். "நான்தான்யா! சாந்தகுமார்! என்னைத் தெரியலையா?"

செம்புலிங்கம் வியந்துபோனார். "வரிசைகூட மாறல பாத்தீங்களா! ஐயா எவ்வளவு முன்யோசனைக்காரரு!"

"மடையங்களா, அது அவர்தான்டா!" என்று கஜபதி உடைந்த தோளோடு ஓடிவந்தான்.

குருவம்மா குறுக்கே நின்றாள். "தெரியும் தம்பி. எங்களுக்குக் கண்ணு இல்லையா? 'யாரா இருந்தாலும்'னுதான அவரு சொன்னாரு. அவரு சொன்னதை அவரே மீறச் சொன்னா, எந்தச் சொல்லைக் கேக்கிறது? முதல்ல சொன்னதையா, பொறவு சொன்னதையா?"

"முதல்ல வந்தவருக்குத்தான் முதல் இடம். பள்ளிக்கூடத்துல எப்பவும் அப்பிடித்தான்" என்றார் வாத்தியார்.

இந்த விவாதம் முடியும் வரை வெளியே இருந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. செம்புலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "ஐயா, உங்களுக்காகக்கூட உங்க உத்தரவை நான் மீறமாட்டேன் ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார், வெளியே சத்தம் நிற்கும் வரை.

கஜபதி எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு இந்த நாலு பேரையும் பார்த்தான். எது அதிக ஆபத்து என்று அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பின்பக்க மதிலோரம் கிடந்த உமிக் குவியல் வழியாக மேலே ஏறிக் குதித்து, ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு வயல்வெளியில் ஓடினான். இந்நேரம் எந்த ஜில்லாவில் ஓடிக்கொண்டிருக்கிறானோ தெரியாது.

ஐந்து மணி ஆனதும் சங்குப்பிள்ளை சாவியோடு கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் செம்புலிங்கம் கேட்டுக்கு வந்தபோது, வெளியே சாந்தகுமார் நின்றுகொண்டிருந்தார். சஃபாரி சூட் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஒரு காதைக் காணவில்லை. மற்றபடி அமைதியாக இருந்தார்.

"ஐயாவுக்குக் கோபம் தணிஞ்சிட்டு!" என்று செம்புலிங்கம் சந்தோஷமாகக் கூவினார். மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.

"இன்னைக்கு என்ன உத்தரவு ஐயா?" என்று கைகட்டிக் கேட்டார்.

சாந்தகுமார் வாயைப் பெரிதாகத் திறந்து, "ஆ..." என்றார்.

நான்கு பேரும் கேட்டுக்கு உள்பக்கம் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"'ஆ'ன்னா 'ஆகட்டும்'னு அர்த்தம்" என்றார் வாத்தியார். "பெரிய அதிகாரிங்க சொல்லை முழுசாச் சொல்லமாட்டாங்க."

"எதுக்கு ஆகட்டும்? நாம ஒண்ணும் கேக்கலியே?" என்றான் மாசானம்.

"அதான் விஷயம். அவரு பதிலை முன்னாடியே சொல்லிட்டாரு. அதுக்கு ஏத்த கேள்வியை நாமதான் கண்டுபிடிக்கணும்."

அன்று முழுக்கக் கேள்வியைத் தேடினார்கள். கோணலாகக் கேட்டுவிட்டால் உத்தரவும் கோணலாகிவிடுமே என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து தள்ளினார்கள். மூன்றாம் நாள் காலையில் குருவம்மாவுக்குத்தான் உதித்தது. செம்புலிங்கம் கேட்டருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, இன்னைக்கு அரிசி உப்புமா பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

"ஆ..." என்றார் சாந்தகுமார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மூன்று மாத இளைப்பும் செம்புலிங்கத்துக்கு ஒரே நொடியில் தீர்ந்ததுபோல் இருந்தது. குருவம்மா வரமிளகாய் கிள்ளிப் போட்டு, மணக்க மணக்க உப்புமா கிளறினாள். முதல் தட்டை ஐயாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று செம்புலிங்கம் சொல்லிவிட்டார். வாழையிலையில் வைத்து, கழியின் நுனியில் ஏந்தி, கேட்டுக்கு வெளியே அவர் முன்னால் இறக்கினார்கள்.

சாந்தகுமார் உப்புமாவைப் பார்க்கவே இல்லை. கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் தோள்வரை உள்ளே விட்டு, செம்புலிங்கத்தின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பத்து விரலையும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

உப்புமா ஆறியது. ஈ மொய்த்தது. அவர் தொடவில்லை.

செம்புலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. மற்ற மூவர் பக்கமும் திரும்பி, பெருமை தாங்காமல் சொன்னார்:

"என் சர்வீஸ்ல எத்தனையோ அதிகாரிங்களைப் பாத்துட்டேன். இப்பிடிக் கை நீட்டாத மனுசனைப் பாத்ததே இல்ல!"